ஆவுடையா சொன்ன ஆஜர்

முன்னொரு காலத்துல, நம்ம பூட்டனுக்கும் மூத்தவங்க நடமாடின காலத்துல, பரணியூர் பரணியூர்னு ஒரு பட்டணம். அந்தப் பட்டணத்துல யானை நுழையுற வாசலோட ஒரு பெரிய கட்டடம். ஒரு ஜமீன்தார் சத்திரமாத்தான் அதைக் கட்டினாராம். வெள்ளைக்காரன் வந்தான், சத்திரத்தைக் கச்சேரி ஆக்கினான். கச்சேரின்னா பாட்டுக் கச்சேரி இல்லை, வழக்கு விசாரிக்கிற கோர்ட்டு. அப்புறம் கோர்ட்டு வேற இடம் போச்சு, கட்டடம் தருமாஸ்பத்திரி ஆச்சு.

கட்டடத்துக்கு வேலை மாறிச்சு. வாசல்ல நின்னு பேர் கூப்பிடுற டவாலி தவசிக்கண்ணுக்கு மட்டும் மாறவே இல்லை. அதே சிவப்புப் பட்டை, அதே பித்தளை வில்லை. கோர்ட்டுல கூப்பிட்ட மாதிரியே நோயாளியையும் மூணு தடவை கூப்பிடுவானாம். "ஆஜர்"னு தன் வாயால சொன்னாத்தான் உள்ள விடுவான். சொல்லலையா? ஆள் வரலை, நாளைக்கு வா. அவ்வளவுதான்.

இந்த அநியாயத்தைக் கேளுங்க. கால்ல முள்ளு குத்தினவன் கணீர்னு குரல் கொடுத்துட்டு உள்ள போவான். மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறவன் வெளியவே கிடப்பான். தெம்பு உள்ளவனுக்கு மருந்து, சாகக் கிடக்கிறவனுக்கு வேப்பமர நிழல். இப்படியே பல வருசம் நடந்துச்சாம். ஒருத்தரும் ஏன்னு கேட்கலையாம்.

ஒருநாள் ஆவுடையா வந்தா. கிணறு வெட்டுற குடும்பம். கூடப் பிறந்த தம்பி கொம்பையா மேல மண்ணு சரிஞ்சு, தோண்டி எடுத்து, கட்டில்ல வெச்சுத் தூக்கியாந்திருக்காங்க. கண்ணு செருகிப் போச்சு. நெஞ்சு மட்டும் லேசா ஏறி இறங்குது.

"கொம்பையா! கொம்பையா! கொம்பையா!"ன்னு டவாலி கூப்பிட்டான்.

"இந்தா கிடக்கான் ஐயா"ன்னா ஆவுடையா.

"நீ சொல்லப்படாது. அவன் சொல்லணும்."

"பேச்சு இருந்தா இங்க எதுக்குய்யா தூக்கியாரோம்?"

"ஒருத்தனுக்கு இன்னொருத்தர் ஆஜர் சொன்னா குத்தம். சட்டம் தெரியாதா உனக்கு? நாளைக்கு வா."

"நாளைக்குச் சுடுகாட்டுக்குத்தான்யா தூக்கணும்!"

டவாலி காதுலயே வாங்கலை. அடுத்த பேருக்குப் போயிட்டான். "வள்ளிமயிலு!"

வள்ளிமயிலு காய்ச்சல்ல நினைவில்லாம மரத்தடியில கிடக்கா. ஆவுடையா அவளையும் பார்த்தா, கட்டில்ல கிடக்கிற தம்பியையும் பார்த்தா. எழுந்து நின்னா. "ஆஜர்!"னு ஒரு சத்தம்.

"நீயா வள்ளிமயிலு?"

"நான்தான்."

"மாடசாமி!"

"ஆஜர்!" அதுக்கும் அவதான்.

"ஏ பொம்பளை, என்ன, விளையாடுறியா?"

"நீரு ஆடுற ஆட்டத்தைத்தான்யா நானும் ஆடுறேன். நெஞ்சடைச்சு நீரு ஒருநாள் இந்த வாசல்ல கிடந்து, ஆஜர் சொல்லிப் பாரும்!"

வரிசையில யாரோ களுக்குனு சிரிச்சாங்க. டவாலிக்கு முகம் சிவந்து போச்சு. "செல்லக்கிளி!"ன்னு அடுத்த பேரைக் கத்தினான். கடா மீசைக்காரர் ஒருத்தர் கையைத் தூக்கி, "ஆஜர்!"னாரு.

"மீசையை வெச்சுக்கிட்டு நீயாய்யா செல்லக்கிளி?"

"ஆமா. காய்ச்சல் வேகத்துல முளைச்சிருச்சு."

அவ்வளவுதான். வாசலே உடைஞ்சாப்புல ஆயிடுச்சு. இருமுறவனும் சொல்றான், நொண்டுறவனும் சொல்றான். "கொம்பையா ஆஜர்! கொம்பையா ஆஜர்!" பழைய கட்டடம் இல்லையா, சத்தம் உத்திரத்துல மோதி உள்ளவரைக்கும் போச்சாம்.

டாக்டரு பதறி வெளிய வந்தாரு. மரத்தடியைப் பார்த்தாரு. "ஏம்ப்பா தவசிக்கண்ணு, இவங்கல்லாம் வரலைன்னுதானே தினமும் சொன்னே?"

ஆவுடையா அவரையும் விடலை. "அவரு சொன்னாரு, நீங்க கேட்டீங்க. ஒரு தடவை வாசலை எட்டிப் பார்க்கக் கழுத்து வலிச்சுச்சா சாமி?"

டாக்டரு கொம்பையாகிட்ட ஓடினாரு. கட்டிலோட ஒரு பக்கத்தைத் தானே பிடிச்சாரு. கொம்பையாவை உள்ள கொண்டு போனாங்க. பிழைச்சுட்டான். அவன் வம்சத்துக்காரங்க இன்னைக்கும் பரணியூருல இருக்காங்க.

கட்டில் உள்ள போனதும் டவாலி முனகினானாம். "உன் ஆளைத்தான் கொண்டு போயாச்சே. இன்னும் ஏன் வாசல்ல நிக்கிறே?"

"மத்தவங்க?"ன்னா ஆவுடையா. மரத்தடியில கிடந்த கடைசி ஆளு உள்ள போறவரைக்கும் அவ நகரலை.

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் வந்துச்சு. பழசு அரிசிக் கிடங்கு ஆச்சு. இப்ப முதியோர் பணத்துக்கு மனுக் கொடுக்கிற ஆபீசு. இன்னைக்கும் அங்க ஒரு பேரைக் கூப்பிட்டா, கூடத்துல இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து "ஆஜர்!"ங்கிறாங்க. புதுசா வர்ற அதிகாரிங்களுக்கு எரிச்சலாத்தான் இருக்குமாம். இருக்கட்டுமே! அதோட, தன் வேலை முடிஞ்சவங்களும் உடனே கிளம்புறதில்லை. கடைசியாக் கூப்பிட்ட ஆளு உள்ள போயி, வேலையை முடிச்சு, வெளிய வந்து, செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கி நடக்கணும்.

அதுக்கப்புறந்தான் அந்த வாசல் காலியாகும்.