உங்கம்மா சாப்பிட்டாளா?

மகள்: இந்த முடிச்சை யாருப்பா போட்டது?

அப்பா: எந்த முடிச்சு?

மகள்: சாப்பாட்டு டப்பாவைச் சுத்தின துணியில. நேத்து திருப்பிக் குடுத்தீங்களே, அதுல. வீட்டுக்குப் போயி நகத்தால நோண்டிப் பார்த்தேன், வரல. கடைசியில பல்லால கடிச்சு அவுத்தேன்.

அப்பா: இறுக்கிக் கட்டினா அப்படித்தான்.

மகள்: நீங்களா கட்டினீங்க? சட்டைப் பொத்தானையே நான்தான் போட்டுவிடறேன். கையில ஊசி, விரல் பூரா நடுக்கம்…

அப்பா: நான் கட்டினேன்னு எப்ப சொன்னேன்?

மகள்: அப்ப நர்ஸா?

அப்பா: மாத்திரையை வாயில போட்டுட்டு ஓடவே அவங்களுக்கு நேரம் பத்தல. உன் டப்பாவைக் கட்டிக்கிட்டு நிப்பாங்களா? அதை விடு. உங்கம்மா சாப்பிட்டாளா?

மகள்: …சாப்பிட்டாச்சுப்பா.

அப்பா: என்னத்தைச் சாப்பிட்டா?

மகள்: இதேதான். அவங்கதானே சமைச்சாங்க. சோறு, பருப்பு, கீரை, முட்டை. உங்களுக்குப் போட்டுட்டு மிச்சத்தை அவங்க சாப்பிட்டாங்க. இந்த முட்டி வலி மட்டும் இல்லைன்னா அவங்களே தூக்கிக்கிட்டு வந்திருப்பாங்க. இத்தனை படி ஏற முடியாதுல்ல…

அப்பா: உப்பு கம்மின்னாளே.

மகள்: யாரு?

அப்பா: யாரோ… அதோ, சாப்பாட்டம்மா வருது பாரு. தராசை உருட்டிக்கிட்டு.

மகள்: அப்பா, அவங்க டயட்டீஷியன். அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க.

சாப்பாட்டம்மா: கூப்பிடட்டும். என் பேரை யாருமே சரியாச் சொல்றதில்ல, இதாவது வாய்க்கு சுலபமா இருக்கு. ஏறுங்க ஐயா. கம்பியைப் பிடிச்சுக்கோங்க… ம். போன தடவையைவிட இன்னும் குறைஞ்சிருக்கு.

அப்பா: தராசு பொய் சொல்லுது.

சாப்பாட்டம்மா: போன தடவையும் இதையேதான் சொன்னீங்க.

அப்பா: போன தடவையும் அது பொய்தான் சொல்லிச்சு. ஏம்மா, கிடங்குல மூட்டை நிறுத்து நிறுத்தே தலை நரைச்சவன் நான். சக்கரம் வெச்ச தராசை என்னைக்கும் நம்பினதில்ல.

சாப்பாட்டம்மா: உங்க முன்னாடி நானே ஏறிக் காட்டினேனே?

அப்பா: உன் எடை எனக்கெப்படித் தெரியும்? நீ சொன்னதுதானே.

சாப்பாட்டம்மா: சரி, தராசு பொய். நாடா பொய் சொல்லாதே? கையை நீட்டுங்க… இங்க பாருங்கம்மா. வந்தப்ப இந்தக் கோடு வரைக்கும் வந்துச்சு. இப்ப நாடா கையில நிக்காம வழுக்குது.

அப்பா: வயசானா தோல் தொங்கத்தான் செய்யும்.

சாப்பாட்டம்மா: இந்த வேகத்துலயா? ஐயா, மாரடைப்புல அடி வாங்கின இடம் ஆறணும். ஆறணும்னா சத்து உள்ள போகணும். வெளியிலிருந்து வரலைன்னா உடம்பு சும்மா இருக்காது, தன்னையே திங்க ஆரம்பிச்சுடும். முதல்ல கை, கால் சதை. அப்புறம் நெஞ்சுச் சதை. இது வேணும் அது வேணாம்னெல்லாம் அதுக்குத் தெரியாது.

அப்பா: பசின்னா அப்படித்தான். யாரோடதுன்னு பார்க்காது.

மகள்: என்ன பேச்சுப்பா இது.

சாப்பாட்டம்மா: இங்க குடுக்கற கஞ்சியையும் தொட மாட்டேங்கறீங்களாம்?

அப்பா: அது கஞ்சியா? போஸ்டர் ஒட்டத்தான் லாயக்கு. அதுல என்னத்தைக் கலக்கறீங்கன்னு யாருக்குத் தெரியும்?

சாப்பாட்டம்மா: தண்ணியும் அரிசியும்தான் ஐயா. கலக்கறதுக்கு வேற என்ன இருக்கு எங்ககிட்ட… நீங்க படுங்க. ஏம்மா, கொஞ்சம் வெளிய வாங்களேன். கதவைச் சாத்திட்டு வாங்க.

மகள்: சாத்திட்டேன். இந்த வராந்தாவுல பேசினா அவருக்குக் கேக்காது.

சாப்பாட்டம்மா: வீட்டு டப்பா நிஜமாவே காலியாத்தான் திரும்புதா?

மகள்: கழுவித் துடைச்சுத் திரும்புது. ஒரு பருக்கை இருக்காது. கொட்டிடறார்ங்கறீங்களா?

சாப்பாட்டம்மா: குப்பைக்கூடையைப் பார்த்தாச்சு. கட்டிலுக்கு அடியிலயும் பார்த்தாச்சு. பெருக்கற அம்மாவையும் கேட்டேன். எங்கயும் கொட்டல. சரி, பக்கத்துக் கட்டில்ல இருந்த லாரி டிரைவர்தான் வாங்கித் திங்கறாரோன்னு அவரையே பிடிச்சுக் கேட்டேன்.

மகள்: என்ன சொன்னார்?

சாப்பாட்டம்மா: என்னை வேற ரூமுக்கு மாத்துங்கன்னார்.

மகள்: ஏனாம்?

சாப்பாட்டம்மா: மத்தியானம் நீங்க கிளம்பினதும் உங்கப்பா திரையை இழுத்து விட்டுடுவாராம். அப்புறம் ஸ்பூன் சத்தம் கேக்குமாம். வழிச்சு வழிச்சு, அவ்வளவு அவசரமா. ஒருநாள் காத்துல திரை விலகியிருக்கு… உங்கப்பா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கார். ரெண்டு கையும் போர்வை மேல இருக்கு. ஸ்பூன் சத்தம் மட்டும் நிக்கல.

மகள்: …மாத்திரை மயக்கத்துல என்னத்தையாவது பார்த்திருப்பார்.

சாப்பாட்டம்மா: நானும் அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். சொல்லிட்டு ரூமை மாத்திக் குடுத்துட்டேன்.

மகள்: பார்க்க வர்றவங்க யாராவது…

சாப்பாட்டம்மா: வாசல்ல சீட்டில்லாம யாரையும் விட மாட்டாங்க. உங்களைத் தவிர அவருக்கு வேற யாரும் வரல. இதெல்லாம் கிடக்கட்டும். டாக்டர் முடிவாச் சொல்லிட்டார், இந்த உடம்போட ஆபரேஷன் பண்ண முடியாது. பண்ணாம விட்டா, இன்னொரு தடவை வலி வந்தா தாங்க மாட்டார். சாப்பிட்டுத் தேறினாத்தான் உண்டு.

மகள்: நான் வேணா அவர்கிட்ட அந்த விஷயத்தை…

சாப்பாட்டம்மா: இப்ப வேண்டாம். எழுந்து நடமாடட்டும், அப்புறம் சொல்லுங்க, நாங்களும் கூட இருக்கோம். இன்னைக்கு டப்பாவை வெச்சுட்டுக் கிளம்பாதீங்க. அவர் முழுங்கறதைக் கண்ணால பார்த்துட்டுப் போங்க. போங்க, ஆறிடும்.

அப்பா: என்ன, ரகசியம் பேசி முடிச்சாச்சா?

மகள்: ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னைக்கு நான் ஊட்டிவிடப் போறேன். இருங்க, இந்த நாற்காலியை இழுத்துப் போட்டு…

அப்பா: அதுல உக்காராதே.

மகள்: ஏன், கால் ஆடுதா?

அப்பா: ஆள் வர்ற இடம். நீ கட்டில்ல உக்காரு.

மகள்: யாருப்பா வர்றா?

அப்பா: உங்கம்மாதான். ஏன் அப்படி முழிக்கறே? பொண்டாட்டி புருஷனைப் பார்க்க வரக் கூடாதா?

மகள்: அம்மாவுக்கு… முட்டி வலிப்பா. படி ஏற முடியாதே.

அப்பா: இப்ப வலி இல்லபோல. கொஞ்சம்கூட நொண்டல. படியில செருப்புச் சத்தமும் கேக்கல. கண்ணை மூடித் திறந்தா உக்காந்திருக்கா.

மகள்: கனவு கண்டிருப்பீங்க.

அப்பா: கனவு வந்து டப்பாவைக் கட்டுமா? சலவைக்கடையில மூட்டை கட்டிக் கட்டி ஊறின கை அது. அந்த முடிச்சு வேற யாருக்கு வரும்? பல்லால கடிச்சேன்னு நீதானே சொன்னே.

மகள்: …வந்து என்ன பண்றாங்க?

அப்பா: சாப்பிடறா.

மகள்: உங்க சாப்பாட்டையா?

அப்பா: குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்கறா. “மெதுவாடி, புரையேறிடும்”னேன். என் பேச்சை என்னைக்குக் கேட்டா, இன்னைக்குக் கேக்கறதுக்கு. அப்படி ஒரு பசியை நான் பார்த்ததே இல்ல. அதான் சுவத்துப் பக்கம் திரும்பிக்குவேன். திங்கறவங்களை உத்துப் பார்த்தா அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்ல.

மகள்: இல்லப்பா. அது அம்மா இல்ல. உங்களுக்கு முன்னாடி அவங்க ஒருநாளாவது தட்டுல கை வெச்சிருக்காங்களா? கிடங்குக்கு லாரி வர லேட்டானா உங்களுக்காக அப்படியே உக்காந்திருப்பாங்க. நான் எத்தனை தடவை கெஞ்சியிருக்கேன்…

அப்பா: நான் மட்டும் திட்டாத திட்டா? “உனக்கென்ன வயிறு தனியா இல்லையா”ன்னு கேப்பேன். சிரிப்பா. இப்ப திங்கறா. என்னைப் பார்க்கறதுகூட இல்ல, டப்பாவைத்தான் பார்க்கறா.

மகள்: போதும்ப்பா… பயமா இருக்கு.

அப்பா: பெத்தவளைப் பார்த்து என்ன பயம்?

மகள்: ஒரே ஒரு வாய். இந்த முட்டை மட்டும். ஆ காட்டுங்க.

அப்பா: வெச்சுட்டுக் கிளம்பு. நேரமாச்சு.

மகள்: போக மாட்டேன். இப்படியே இருந்தா உங்களுக்கு ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாம். நீங்களும் போயிட்டா எனக்கு யார் இருக்கா?

அப்பா: நானுமா? உங்கம்மா இருக்கால்ல?

மகள்: …இருக்காங்க.

அப்பா: இதைச் சொல்ல எதுக்கு இவ்வளவு நேரம்? சரி, அழாதே. மூக்கைத் துடை. உங்கம்மா சாப்பிட்டாளா?

மகள்: சாப்பிட்டாங்கப்பா. நான் கிளம்பறப்பவே…

அப்பா: நான் இன்னைக்குக் கேக்கல.

மகள்: பின்ன?

அப்பா: அன்னைக்கு. என்னை உள்ள தூக்கிக்கிட்டுப் போனாங்களே, அன்னைக்கு. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாளே.

மகள்: அப்பா…

அப்பா: சாப்பிட்டுட்டுத்தான் போனாளா?

மகள்: …இல்லப்பா. காலையிலிருந்தே ஒண்ணும் சாப்பிடல. கீழ போயி ஒரு பன்னு வாங்கிட்டு வந்து குடுத்தேன். “அவரு கண்ணு முழிக்கட்டும்”னு பையில வெச்சுக்கிட்டாங்க. டீயாவது வாங்கிட்டு வரேன்னு போனேன். திரும்பி வந்தப்ப சுவத்துல சாஞ்சிருந்தாங்க. தூங்கறாங்கன்னு நினைச்சு டீயைப் பக்கத்துல வெச்சேன்… அந்தப் பன்னு இன்னும் பைக்குள்ளயே இருக்கு. எடுத்துப் போட எனக்கு மனசு வரல… உங்களுக்கு எப்பப்பா தெரியும்?

அப்பா: நொண்டாம வந்து உக்காந்தா பாரு, அன்னைக்கே.

மகள்: தெரிஞ்சுமா தெனமும் என்கிட்ட கேட்டீங்க?

அப்பா: நீ சாப்பிட்டாச்சுன்னு சொல்றப்ப, ஒருவேளை சாப்பிட்டிருப்பாளோன்னு இருக்கும். ரெண்டு டப்பாவா கொண்டான்னு கேட்டிருப்பேன். எதுக்குன்னு நீ கேப்பே. சொன்னா உடைஞ்சு போயிடுவே. அதான் என்னோடதைக் குடுத்தேன்… சரி, அந்த முட்டையைக் குடு, நான் திங்கறேன். நாளையிலிருந்து ரெண்டு டப்பா கொண்டா. அவ டப்பாவை மட்டும் கட்டாதே. போறப்ப அவளே கட்டிக்குவா.