பச்சைப் புள்ளியும் பதினான்காம் சீட்டும்

முப்பத்தோராண்டு நுண்ணோக்கியின் முன் முதுகொடிய அமர்ந்த முன்னவரே! சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புராஸ்டேட் என எங்கு முளைத்த கட்டியாயினும் அதன் பொய்யும் மெய்யும் பிரித்துரைத்த பெருமாட்டியே! அரைகுறையாய்ப் பார்த்துவிட்டு அளந்துவிடும் எவரையும் அரைப் பார்வையில் அடக்கிய அம்மையே! எங்கள் நோய்க்குறியியல் துறையின் தலைமை மருத்துவரே, வணக்கம்.

தங்கள் பணிநிறைவு விழாவில் தங்கள் புகழைப் பாடத்தான் பேனாவை எடுத்தோம். "பொய்ப் பாராட்டெல்லாம் வேண்டாம். மூணு மாசம் முன்னாடி நடந்ததை எழுதுங்க, இல்லைன்னா நான் மேடைக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். தங்கள் பேச்சைத் தட்டிப் பழக்கம் எங்களுக்கு ஏது? எழுதுகிறோம். அவையோர் பொறுத்தருள்க.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைதோறும் மாடிக்கூடத்தில் தாங்கள் நடத்திய தொடர்கல்வி வகுப்புக்குப் பட்டம் வாங்கிப் பல்லாண்டு ஆனவரும் தப்ப முடியாது. பதிவெண்ணை மறைத்த, திசுச்சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு கைக்குக் கை மாறும். அவரவர் பார்த்து, முடிவைச் சீட்டில் எழுதி, காலிக் கையுறைப் பெட்டிக்குள் போட்ட பிறகே வாய் திறக்கலாம். "முதல்ல எழுது, அப்புறம் பேசு" என்பதே தங்கள் சட்டம்.

மூன்று மாதம் முன் அப்படியொரு சனிக்கிழமை வந்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் சிறுநீர்ப்பைக் கட்டி. அது பையின் தடித்த தசைச்சுவருக்குள் நுழைந்துவிட்டது என்று தாங்களே அறிக்கை தந்திருந்தீர்கள். நுழைந்துவிட்டால் சிறுநீர்ப்பையையே எடுத்தாக வேண்டும். ஆயுள் முழுக்க வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுமக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு அறுவை நாள் குறித்தாயிற்று. எளிய பாடமாக இருக்கட்டும் என்று அதை வகுப்புக்கு எடுத்துவந்த தாங்கள் பதிவெண்ணை மறைத்தீர்கள். கண்ணாடிமேல் அடையாளத்துக்கு வைத்த பச்சை மைப் புள்ளியைத் துடைக்க மறந்தீர்கள். இத்துறையில் பச்சை மை யாருடையது என்று காவலாளிக்கும் தெரியும்.

எங்களுள் ஒருவர், ஒரு ஸ்லைடுக்கு ஒரு மணி நேரம் எடுப்பதால் 'மெதுவண்டி' என்று நாங்கள் பெயர் சூட்டிய மருத்துவர். அவரும் புள்ளியைக் கண்டார். அதன் கீழே கட்டி தசையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தத் தசை நூல்நூலாய் மெலிந்து, பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டிக் கிடந்தது. அது சுவர்த்தசை அன்று, உட்தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய தசை என்று அவருக்குப் பட்டது. ஸ்லைடை நகர்த்தினார். மூலையில் மெய்யான தடித்த தசை, கட்டி தீண்டாமல் இருந்தது. மேடமாவது தவறுவதாவது! கோளாறு நம் கண்ணில்தானோ? மூன்று முறை பேனாவை எடுத்தார், வைத்தார். கடைசியில் "சுவருக்குள் நுழையவில்லை" என்று எழுதிப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பாராமல் உட்கார்ந்தார்.

சீட்டுகளைத் தாங்களே படித்தீர்கள். பதின்மூன்றிலும் ஒரே பாட்டு, 'நுழைந்துவிட்டது' என்று. பதினான்காவதைப் படித்ததும் எங்களில் ஒருவர், "மெதுவண்டி தடம் புரண்டுடுச்சு!" என்று சிரித்தார்.

"யாரும் சிரிக்க வேண்டாம். இதை யார் எழுதினது?"

மெதுவண்டி எழுந்தார். "நான்தான் மேடம். அந்தத் தசை எனக்குச் சரியாப் படலை."

தாங்கள் நுண்ணோக்கியில் குனிந்தீர்கள். இருபது நிமிடம். நிமிர்ந்ததும் அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். "திங்கட்கிழமை கத்தி வைக்காதீங்க. ரிப்போர்ட் தப்பு. தப்பு என்னோடது."

"இப்ப வந்து சொல்றீங்களே மேடம்! தள்ளிப்போட்டு அது பரவிட்டா யார் பொறுப்பு?" என்ற அவர் கத்தல் கூடமெங்கும் கேட்டது.

"நான் பொறுப்பு. இன்னொரு தடவை திசு எடுத்து அனுப்புங்க."

முடிவு தெரிய ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் தாங்கள் ஒரு வாய் சாப்பிட்டு நாங்கள் பார்க்கவில்லை. தசை சுத்தம் என்று வந்தது. ஓட்டுநரை அழைத்து நடந்ததைத் தாங்களே சொன்னீர்கள். அவர் நன்றி சொல்லவில்லை. "என்னைச் சும்மாவே கிழிச்சுப் போட்டிருப்பீங்களே!" என்று கொதித்தார். "ஆமாப்பா, போட்டிருப்போம்" என்று தலைகுனிந்தீர்கள்.

அடுத்த வகுப்பில் எங்களிடம், "நான் தப்பு பண்ணலாம், மனுஷிதானே. பதிமூணு பேரும் சேர்ந்தா பண்ணுவீங்க? இத்தனை வருஷம் இதைத்தானா கத்துக்குடுத்தேன்?" என்று கேட்டுக் கண்கலங்கினீர்கள். "கண்ணுல படலை மேடம்" என்று முனகினோம். தாங்களும் நம்பினீர்கள்.

அந்தப் பதிலை இன்று திருத்துகிறோம். பதின்மூவரில் நால்வர் கண்ணில் அது பட்டது. பச்சை மையைக் கண்டதும், நமக்கேன் வம்பு என்று மாற்றி எழுதினோம். ஓட்டுநரின் வயிற்றைவிட எங்களுக்குத் தங்கள் முகம் பெரிதாய்ப் போயிற்று. அந்த நால்வரும் கீழே ஒப்பமிட்டவர்களுள் இருக்கிறோம். தாங்கள் கேட்டால் இப்போதே எழுந்து நிற்போம். அன்று சிரித்தவர் அவர்களுள் ஒருவர். இம்மடலைத் தங்கள்முன் வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

தவற்றைத் தயங்காது ஏற்ற தகைமையே! நோயணுகாது, நோவணுகாது, சுற்றம் சூழ நெடுங்காலம் வாழ்க! முடிந்தால் எங்களை மன்னிக்க.

இங்ஙனம்,
தங்களிடம் இன்னும் பாடம் கேட்க வேண்டிய
துறையினர் பதினால்வர்