டிராகன் இல்லாத சீட்டுக்கட்டு

“நான் வாங்கிக் குடுத்த டிராகன் எத்தினி பேரக் கொன்னுச்சி பாப்பா?”

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் இப்படி ஒரு குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தியும் அவள் அப்பாவும். பூதம், வீரன், டிராகன் படம் போட்ட சீட்டுகளை வைத்து ஆடும் போட்டியில் ஜெயித்து, சென்னையிலிருந்து திரும்பியிருக்கிறாள். மடியில் கோப்பை.

“யாரையும் கொல்லலப்பா.”

“அதுக்குத்தான் பலம் ஜாஸ்தின்னியே?”

“ஜாஸ்திதான். ஆனா அத எறக்க எட்டு மந்திரச் சீட்டு சேரணும். அதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும்.”

“ஆலைலேர்ந்து வெட்டு ஆர்டர் வர்றதுக்குள்ள கரும்பு காஞ்சி போற மாதிரியா?”

“ஆமாம்ப்பா. எல்லாரும் டிராகன வச்சிக்கினு காத்துக்கினு இருந்தாங்க. நான் ஒரே மந்திரத்துல எறங்குற சின்ன வீரனுங்களா வச்சி, மொதல்லயே அடிச்சிட்டேன்.”

“அப்போ என் டிராகன்?”

அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “போட்டிக்கு மொத நாளே கட்டுலேர்ந்து எடுத்துட்டேம்ப்பா. கோவமா?”

அவர் கையை நீட்டினார். “அத இங்க குடு.”

அவள் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

“டிக்கெட், டிக்கெட்” என்றபடி கண்டக்டர் வந்தார். அப்பா காசை எடுக்கவில்லை. டிராகனைக் கண்டக்டர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“இதப் பாருங்க சார். நான் தேடித் தேடி வாங்கினது. இருக்கறதுலயே பெரிய சீட்டு. இதையே வேணாம்னு எடுத்து வச்சிட்டு ஜெயிச்சிருக்குது எம்பொண்ணு!”