சங்கு மாளிகையின் தெற்குச் சுவர்

எங்கள் வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும். கரம்பொன் கரைக்குக் காலையில் வரும் மீனை மேரிசுகந்தியக்கா தானே பார்த்து வாங்கிச் சமைப்பார். எனக்கு உறைப்பு ஒத்துவராது. அதனால் ஒரு சின்னச் சட்டியில் எனக்கென்று சொதி தனியாக வைப்பார். ஏழு வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

என் பெயர் தயாபரன், சொந்த ஊர் புங்குடுதீவு. பழைய கட்டடங்களை மீட்டெடுப்பது என் தொழில். சங்கு மாளிகையை நீங்கள் இன்று பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். நான் வந்தபோது அதற்குக் கூரை இல்லை. ராணியின் மண்டபத்தில் ஆடு கட்டியிருந்தார்கள்.

ஓர் அரசன் தன் இளைய ராணிக்காகக் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். கடலைப் பார்த்தபடி நாற்பது சாளரங்கள். சுவர் நிலவு மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காக, வெறும் கல்லைச் சுடாமல் சங்கைச் சுட்டுப் பூசச் சொன்னானாம். மூன்று வருடம் சங்கு குளித்தார்கள். குளித்தவர்களில் எத்தனை பேர் மேலே வரவில்லை என்று எந்த ஓலையிலும் இல்லை. ராணி ஒரு மாரிகாலம்தான் அங்கே இருந்தாள், உப்புக்காற்று பிடிக்கவில்லை என்று போய்விட்டாள். ஊரார் அந்த அரசனைப் பைத்தியம் என்பார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. அவனுக்குச் சுவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேரிசுகந்தியக்காவின் மகன் பெயர் சூசைதாசன். தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், தகப்பனின் வள்ளம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கரைக்குப் போனவன் திரும்பவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. காணாமல் போனவர்களுக்கான மனுவை வருடா வருடம் என்னிடம்தான் எழுதுவிப்பார். என் கையெழுத்து வடிவாம்.

"இடக்கால் எண்டு விளங்கிற மாதிரி எழுதும் தம்பி. சைக்கிளால விழுந்து முறிஞ்சது. தகடு வைச்சவை. ஆறு ஆணி."

"ஓம் அக்கா, எழுதிட்டன்."

இந்த வருடம் ஆவணியில் முற்றத்துக் கிணற்றைத் துப்புரவாக்கினோம். யாரோ கல் போட்டு மூடியிருந்த கிணறு. கடைசிக் கல்லை எடுத்த நேரம் வேலையாட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் ஏணி வைத்து இறங்கினேன். சேற்றுக்குள் ஓர் ஆள் கிடந்தான். ஆள் என்றால் எலும்புதான். இடது முழந்தாளுக்குக் கீழே ஒரு தகடு இருந்தது. ஆணிகளை எண்ணினேன். ஆறு.

பொலிசில் அறிவித்திருக்கலாம். அறிவித்தால் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நீதவான் வருவார், நாடா கட்டுவார்கள், வேலை நிற்கும். மூன்று வருடமோ ஐந்து வருடமோ யாருக்கும் தெரியாது. மாரி தொடங்க இரண்டு மாதம்தான் இருந்தது. தெற்குச் சுவர் பூச்சில்லாமல் நின்றது. ஒரு மாரி போதும், பவளப்பாறையில் வெட்டிய அந்த முருகைக்கல் கரைந்துபோகும். சூசைதாசனுக்கோ முப்பத்துமூன்று வருடம் கழிந்துவிட்டது. அவனுக்கு அவசரம் இருக்கவில்லை.

வேறு எங்காவது புதைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாய் கிளறும். இல்லாவிட்டால் பிறகு வருகிற எவராவது தோண்டுவார்கள். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. சாந்துக்கு முருகைக்கல் சுடும் சூளை அடுக்கித் தயாராக இருந்தது. அன்று பின்னேரம், எல்லோரும் போனபின், நடுவிலிருந்த கற்களை எடுத்துவிட்டு அவனை உள்ளே வைத்து மூடினேன். மறுநாள் காலை சூளைக்காரர் தம்பிஐயா வழக்கம்போலக் கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டு, தீ வைத்தார். ஆகவே அந்தப் பொடியனுக்கு ஒரு கிரியையும் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எலும்பு சுட்டால் சுண்ணாம்பு ஆகாது. ஆனால் கொஞ்சம் கலந்தால் சாந்து கெடாது, மினுக்கமும் கூடும். அந்தச் சூளைச் சுண்ணாம்பைத் தெற்குச் சுவருக்கென்று ஒதுக்கிவைத்தேன்.

தகட்டில்தான் பிழை விட்டேன். ஆணிகள் இறுகியிருந்தன, கழற்ற நேரம் கிடைக்கவில்லை. சூட்டில் உருகிவிடும் என்று நினைத்தேன். தம்பிஐயா சாம்பலுக்குள்ளிருந்து அதை எடுத்துவந்து காட்டினார்.

"என்ன ஐயா இது?"

"பழைய கதவுத் தகடு அண்ணை. எறிஞ்சு விடுங்கோ."

அவர் எறியவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் சோறு போடும்போது மேரிசுகந்தியக்கா கேட்டார், "கிணத்துக்குள்ள ஏதும் கிடந்ததோ தம்பி?"

"ஒண்டுமில்லை அக்கா. கல்லும் சேறும்தான்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப என்ர பிள்ளை எங்கையோ இருக்கிறான்," என்றார். அன்று எனக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஐப்பசியில் இந்த வருட மனுவையும் எழுதிக் கொடுத்தேன். இடது கால், தகடு, ஆறு ஆணி. ஒன்றையும் விடவில்லை.

சுவர் மிக நன்றாக வந்தது. சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்க வந்த சனம்கூட மாளிகைக்கு வந்து, அதில் முகம் தெரிகிறது என்று படம் எடுத்துக்கொண்டு போனது.

போன செவ்வாய்க்கிழமை காலை மேரிசுகந்தியக்கா மண்டபத்துக்குள் வந்தார். பின்னால் தம்பிஐயா நின்றார். முதல்நாள் சாப்பாட்டுக்கிடையில் அக்கா தன் மகனின் காலில் இருந்த தகட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தம்பிஐயா எழும்பிப் போய்த் தகட்டை எடுத்துவந்து கொடுத்திருக்கிறார்.

"எந்தச் சுவர் தம்பி?"

காட்டினேன். நேரே கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

"எந்த இடத்தில?"

"ஒரு இடமெண்டு இல்லை அக்கா. முழுக்க ஒரே சீராக் கலந்திருக்கு."

அவர் அழவில்லை. சுவரில் கன்னத்தை வைத்தார். அப்படியே நகர்ந்து மறுமுனை வரை போனார். பிறகு அந்தத் தகட்டாலேயே சுவரைச் சுரண்டத் தொடங்கினார். விழுந்த தூளை மற்றக் கையால் சீலைத் தலைப்பில் ஏந்தினார். எழுபத்துமூன்று வயது மனுசிக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"விடுங்கோ அக்கா. இன்னும் இறுகேல்லை," என்று கையைப் பிடித்தேன்.

"என்ர பிள்ளையடா," என்றார்.

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. தம்பிஐயா வந்து என்னை இழுத்தபோது சத்தம் கேட்டது. முதலில் பூச்சுத்தான் வெடித்துவிட்டது என்று பயந்தேன்.

ஆகவே இந்த விசாரணையில் நீங்கள் கேட்டதற்குப் பதில், ஓம், அவருடைய மணிக்கட்டை முறித்தது நான்தான். அதற்காக வருந்துகிறேன். அதைத் தவிர, அந்தத் தாய்க்கு நான் ஒரு தீங்கும் செய்ததில்லை.