இரண்டு விரல் இடைவெளி

காலையில் முதலில் எழுவது நான்தான். அடுப்பில் பால் வைப்பேன். அது பொங்குவதற்குள் பல் தேய்த்துவிடுவேன். என் மனைவி குளித்துவிட்டு வந்து, ஈரத் தலைமுடியை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நான் கோர்செட்டின் நாடாவை மேலிருந்தும் கீழிருந்தும் இழுத்து, நடுவில் முடிச்சுப் போடுவேன்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்பாள்.

"ரெண்டு விரல்" என்பேன்.

பிறகு கீழே இறங்கிக் கடையைத் திறப்போம். இப்போதும் பால் வைக்கிறேன். அளவைக் குறைக்க இன்னும் கை பழகவில்லை. பாதியைக் கொட்டுகிறேன்.

எங்கள் கடையில் விற்பது கோர்செட்தான். துணிக்குள் எஃகுப் பட்டைகளை வைத்துத் தைத்து, முதுகில் நாடாவால் இறுக்குவது. கல்யாண கவுனுக்கு அடியில் போட வாங்குவார்கள், மேடை ஏறுகிறவர்கள் வாங்குவார்கள், சும்மா ஆசைக்கும் வாங்குவார்கள். நான் ஆடை வடிவமைப்பு படித்தவன்; வெட்டுவேன், தைப்பேன். அவள் அணிந்துகொண்டு நிற்பாள், பேசுவாள், விற்பாள்.

எந்த உடம்புக்கு எது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே அகலமானவர்களுக்கு, பக்கவாட்டில் ஏற்றி வெட்டியதைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சதை பிதுங்கும். மார்பு பெருத்தவர்களுக்கு மார்புக்குக் கீழேயே நின்றுவிடுவது. உடல் குட்டையானவர்களுக்கு நீளம் குறைவானது. வயிறு முன்தள்ளியவர்களுக்கு, முன்பட்டை கீழே கரண்டிபோல் வளைந்து வயிற்றை ஏந்திக்கொள்வது. உடம்பை யாராலும் மாற்ற முடியாது. பார்க்கிற கண்ணை வேறு பக்கம் திருப்பத்தான் முடியும். அதில் நான் கெட்டிக்காரன்.

அவளுடையது நேரான உடம்பு. சின்ன வயதில் அவளுக்குப் பட்டப்பெயரே 'பலகை'. அவளுடைய அக்கா முதல்முறை கடைக்கு வந்தபோது தங்கையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுப் பலகைக்கு இடுப்பு வெச்சுட்டீங்களே தம்பி. நீங்க தையக்காரரா, தச்சரா?"

"கொஞ்சம் இழைச்சுவிட்டேன்க்கா, அவ்வளவுதான்."

"பாத்து. இழைக்கிறேன்னு ஒண்ணுமில்லாம பண்ணிடாதீங்க."

மூவரும் சிரித்தோம். அன்று சாயங்காலம்தான் அவள், அக்காவை வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாள். அவர்களுடைய அம்மா வயிற்றில் கட்டி வந்து இறந்துபோனவர். சதை போட்டுவிட்டது என்று நினைத்துப் பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டே போனாராம். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

"எனக்கு முதுகு தெரியாது. இடைவெளி கூடுதா குறையுதான்னு கட்டிவிடறவருக்குத்தான் தெரியும். ஒரு விரல் கூடினாலும் சொல்லிடணும். அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடுவேன்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் அக்கா வீடு. அவ நர்ஸ், பாத்துக்குவா. நீங்க ஊசியப் பாத்தாலே மயங்கி விழற ஆளு."

சரி என்றேன். கோர்செட்டின் பின்னோரங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால்தான் பொருத்தம் சரி. அதைத்தான் அவள் தினமும் கேட்டாள்.

மூன்று விரல் ஆன காலையில் கடையில் ஏழு மணப்பெண்களின் வேலை பாக்கி இருந்தது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு விரல்" என்றேன். இந்தக் கல்யாணங்கள் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்யாணங்கள் முடிந்தன.

அதற்குள் மூன்று விரல் மூன்றரை ஆகிவிட்டது. கண்ணால் தெரிகிற பொய்யை எத்தனை நாள் சொல்வது? பக்கத் தையலைப் பிரித்து, அதே துணியில் ஒரு துண்டு கொடுத்துத் தைத்தேன். நல்ல தையல். நானே தேடினால்தான் தெரியும். மறுநாள் காலை உண்மையிலேயே இரண்டு விரல்தான் இருந்தது. அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று நான் பொய் சொல்லவில்லை.

இடப்பக்கம் மட்டும் மேடு தட்டத் தொடங்கியதும், அவளுக்கு வேறு வகை தைத்துக் கொடுத்தேன். நீளமானது, முன்பட்டை கரண்டிபோல் வளைந்தது.

"இது வயிறு இருக்கிறவங்களுக்கில்ல குடுப்போம்?"

"இப்ப இதுதான் ஓடுது. நீ போட்டு நின்னாதானே வாங்குவாங்க."

அது அவளுக்கு அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் தைத்ததிலேயே நல்லது அது.

உடை மாற்றும் அறையில் மூன்று மடிப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்க்க அதுதான் வசதி. விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிக் கழற்றி, பழைய சாமான் அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். விரிசல் எதுவும் இல்லை.

இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது என்றாள். கோர்செட் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றேன். மூச்சு வாங்குகிறது என்றாள். நாடாவைத் தளர்த்திவிட்டேன். ஒருநாள் காலை, "நான் வேணா கடைப் பொண்ணக் கட்டிவிடச் சொல்லட்டுமா, உங்களுக்குத் தினமும் வேலை" என்றாள். "அவ இழுக்கிற இழுப்புக்கு நாடா அறுந்துடும்" என்றேன். அவள் தலைமுடியை முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டு திரும்பி நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் எவ்வளவு என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு மேடைப் பாடகி. கனத்த உடம்பு, பெரிய குரல். "எனக்கு இடுப்பு எங்க இருக்குன்னு தேடிக் குடும்மா. தொலைச்சு ரொம்ப வருஷமாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக என் மனைவியின் வயிற்றில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எத்தனை நாளா இருக்கு? உன் புருஷன் பாக்கலையா?"

துணி வெட்டும் மேசையிலிருந்து நான் நிமிரவில்லை.

மருத்துவர் வயதில் சின்னவர். கோர்செட்டால் இது வரவில்லை என்று தெளிவாகச் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் கட்டியை எடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். அக்கா வந்தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, தினமும் உங்க கைதானே கட்டுச்சு. கைக்குத் தெரியலையா?"

"தெரியலைக்கா" என்றேன்.

அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என் கைக்குத் தெரிந்திருந்தது, முதல் நாளிலிருந்தே.

ஏன் செய்தேன் என்று கேட்டால், அவள் பயப்படக்கூடாது என்றுதான். தன் அம்மாவின் கடைசி நாட்களை நினைத்துத் தூக்கத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுகிறவள் அவள். அந்தப் பயம் இல்லாமல் பல மாதங்களை அவளுக்குக் கொடுத்தேன். வேறு யார் கொடுத்திருப்பார்கள்? சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள். அறுத்துத் தைத்த உடம்போடு என்றைக்கோ திரும்பி வந்திருப்பாள், பலகையாகவே. வந்திருப்பாள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதுவரை இந்த வீட்டில் நான் என்ன செய்வது? தினமும் காலையில் என்னிடம் முதுகைக் காட்டி நிற்க ஒருத்தி வேண்டியிருந்தது. அவளுடைய உயிரைவிட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

கடைசிவரை அவளுக்கு எதுவும் தெரியாது, நிம்மதியாகத்தான் போனாள் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நானும் அதை நம்பித்தான் தூங்கினேன். அவள் போன அன்று அக்கா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள். "கடையைப் பாத்துக்கோங்கன்னு சொன்னா" என்றேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவமனை அங்கி முதுகுப்பக்கம் கட்டுகிற மாதிரி இருக்கும். அதன் நாடா அவிழ்ந்திருந்தது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வழக்கம்போல இரண்டு முனைகளையும் கையில் எடுத்தேன். அவள் கையைப் பின்னால் கொண்டுவந்து என் விரல்களை விலக்கப் பார்த்தாள். அதற்குத் தெம்பு இல்லை. நான் கட்டி முடித்தேன். முடிச்சுப் போடும்போது அவள் சொன்னது இதுதான்:

"விடுங்க. அக்கா வரட்டும். இதையாவது அவ கட்டட்டும்."