ஜெயா புள்ளையோட நடுக்கம்

இல்லீங்க மேடம், நீங்க ஒக்காருங்க. நான் நடந்துக்கினே பேசறேன். நின்னா இவன் முழிச்சிப்பான். முழிச்சிட்டான்னா நீங்க எழுத வந்ததை எழுதவே முடியாது, அப்படி ஒரு கத்து. மத்த கொழந்தைங்க அழற மாதிரி இருக்காது, காதைக் கிழிச்சிடும். பொறந்து இன்னிக்கிப் பதினொண்ணாம் நாளு. ஜன்னலை மட்டும் தொறக்காதீங்க, வெளிச்சம் ஆவாது இவனுக்கு.

ஜெயாவா? கீழ ஆஸ்பத்திரி கவுன்டர்ல மருந்து வாங்க நிக்கறா. லைன் பெருசு. ஓடிப்போயிடல. அதைத்தானே கேக்க வந்தீங்க? பெத்தவ மாத்திரைக்கி அடிமை, புள்ளையை வெச்சி வளக்க லாயக்கில்ல, கவர்மெண்டு ஹோமுக்கு அனுப்பலாம்னு நீங்க கொண்டாந்த ஃபாரத்துல இருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா? அஞ்சாவது பாஸு நான்.

குடிப்பாளா? யாரு சொன்னது? ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிக்கறதெல்லாம் அவ புருஷன் சிங்காரம். பாண்டி பார்டர்லயே படுத்துக் கெடப்பான். ஒரே ஒரு நாளு வந்து பாத்தான். இன்னாமா இப்படி உதறுதுன்னு பயந்துக்கினு போனவன்தான், ஆளையே காணோம்.

இவ கதை வேறங்க. உப்பளத்துல வெடியறதுக்குள்ள எறங்குனா, வெயில் ஏற வரைக்கும் கூடையைத் தலையில வெச்சிக்கினு ஓடணும். காலெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள்ள உப்புத்தண்ணி. இடுப்பு ரெண்டாப் பொளந்துடும். அந்த வலிக்கி டீக்கடையிலயே மாத்திரை கெடைக்குது. ஒரு டீ, ஒரு பொறை, ஒரு நீல மாத்திரை. பொம்பளைங்க நாங்க எல்லாருமே போடறதுதான். அதை மருந்துன்னே யாரும் நெனைக்கறதில்ல, வெத்தல பாக்கு மாதிரி. மொதல்ல ஒண்ணு, போகப் போக மூணு. அப்பால போடலன்னா வாந்தி, கொட்டாவி, ஒடம்பெல்லாம் பூச்சி ஊருது. வேலைக்காக மாத்திரை போடறோமா, மாத்திரைக்காக வேலைக்கிப் போறோமான்னே தெரியாமப் பூடும்.

அவளுக்கு யாரு பழக்குனதா? எழுதிக்கோங்க, வசந்தான்னு. என் பேருதான். சுனாமிக்கி அப்பால அளம் திரும்ப ஓட ஆரம்பிச்சப்போ புதுசா வந்து சேந்தா. மொத வாரமே வரப்புல குந்திக்கினு அழுதா. பாவமா இருந்தது. முந்தியில முடிஞ்சி வெச்சிருந்ததுல ஒண்ணை எடுத்து வாயில போட்டுவுட்டேன். அவ முழுகாம இருந்தப்போ கூட, போட்டுக்கோடி ஒண்ணும் ஆவாதுன்னேன். கெடுதல் நெனைச்சி சொல்லலீங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

மூணாம் நாளு இவனுக்கு நடுக்கம் வந்துடுச்சி. கையி காலு வெடவெடன்னு. தும்மல் மேல தும்மல், பாலைப் புடிக்கறான், வுட்டுடறான். மாமியா வூட்டுல வசம்பைக் கொண்டா, மஞ்சளைக் கொண்டான்னு ஆரம்பிச்சாங்க. நான் புள்ளையைப் புடுங்கிக்கினு, அவளை இஸ்துக்கினு பஸ் ஏறிட்டேன். ஒரே ரகளை. ரகளை பண்ணா பண்ணிட்டுப் போறாங்க.

இங்க நர்சம்மா சர்புன்னிசா இருக்காங்களே, அவங்க பாத்த ஒடனே கேட்டாங்க, வயித்துல இருந்தப்போ இன்னா மாத்திரை சாப்புட்டேன்னு. திட்டல மேடம். ஒரு வார்த்த திட்டல. உள்ள இருந்தப்போ இவனுக்கும் அது போய்க்கினு இருந்தது, இப்போ கெடைக்கல, அதான் இந்தப் பாடுன்னாங்க. டாக்டரு சொட்டு மருந்து குடுத்து மெதுவாக் கொறைக்கறாரு. மீதியெல்லாம் மடிதான். துணியில சுத்தி மார்மேல போட்டுக்கணும், சத்தம் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாப் பாலு. ஜெயாவுக்கும் கொறைச்சிக்கினு வர்றாங்க. அவளும் நடுங்கறா, புள்ளையும் நடுங்குது. பாலு குடுக்கறப்போ ரெண்டும் அடங்கிடுது. நேத்து ஒரு மணி நேரம் சேந்தாப்புல தூங்குனான். அழுதுட்டேன் நான். அவகிட்டயிருந்து பிரிச்சி ஹோமுல போட்டா, யாரு இப்படித் தூக்கிக்கினு நடப்பாங்க? நீங்க நடப்பீங்களா?

கோவிச்சிக்காதீங்க. என் வாயி அப்படி.

எனக்கா? ஆமா, எனக்கும்தான். டாக்டரு சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு, ஒரு வாரமாக் கொறைக்கறேன். அதான் காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. பயப்படாதீங்க, கீழ வுட மாட்டேன். எப்படியும் நடக்கத்தான் போறேன், இவனையும் தூக்கிக்கினு நடக்கறேன்.

சொந்தமா? ஒரு சொந்தமும் இல்லீங்க. அவ வேற ஆளு, நான் வேற ஆளு. ஒரே அளத்துல வேலை, அவ்ளோதான். அப்பால ஒனக்கு இன்னா வந்ததுன்னு கேக்கறீங்க. கேப்பீங்க.

எனக்கும் ஒண்ணு பொறந்தது மேடம். பொண்ணு. ஒம்போது வருஷம் ஆவுது. மூணாம் நாளு இதே உதறல், இதே கத்து. அப்போ நான் நாளைக்கி ரெண்டு மாத்திரை போட்டுக்கினு இருந்தவ. வலிப்புன்னாங்க. மஞ்சக் கெழங்கை வெளக்குல சுட்டு, வயித்துல நாலு எடத்துல வெச்சா நின்னுடும்னாங்க. அஞ்சாம் நாளு போயிட்டா. ஒம்போது வருஷமா சாமி குத்தம்னே இருந்தேன். ஜெயாவுக்கு நர்சம்மா சொல்லிக்கினு இருந்தப்போ, வாசல்ல நின்னு கேட்டுத்தான் எனக்கே தெரியும். தூக்கி மார்ல போட்டுக்கினு நடடின்னு அன்னிக்கி ஒருத்தரும் சொல்லலீங்க. மஞ்சளைச் சுட்டு வெக்கறப்போ, துள்ளுது, காலைப் புடிடின்னாங்க. புடிச்சேன்.