வீடு பார்க்க வந்தவர்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்: "நாங்க வாங்கப்போற வீட்ட நானே பேய் வீடுன்னு சொல்லிட்டேன், மதினி."

"யாருகிட்டடி சொன்ன?"

"பேங்க் இன்ஜினியர்கிட்ட. வாடகைக்குக் குடியிருக்குற வீட்டத்தான லோன் போட்டு வாங்குறோம். அதுக்கு மதிப்புப் போட வந்திருக்காரு. டேப்ப வச்சு அளந்ததப் பாத்து, நமக்குப் போட்டியா யாரோ வாங்க வந்துட்டாகன்னு நெனச்சுட்டேன். மழ பெஞ்சா அடுப்படியில கொட பிடிச்சுத்தான் சமைக்கணும், செவுரு சாஞ்சிருக்கு, ராத்திரி சலங்கச் சத்தம் கேக்கும்னு அம்புட்டையும் சொன்னேன்."

"அவரு என்ன செஞ்சாரு?"

"தலையாட்டிக்கிட்டே எழுதிக்கிட்டாரு. மதிப்பக் கொறச்சுப் போட்டுட்டாரு, லோனும் கொறஞ்சுபோச்சு. எம் புருசன் அன்னைக்கு என் கையால காப்பிகூட வாங்கிக் குடிக்கல."

"அய்யய்யோ, அப்ப வீடு கைவிட்டுப் போச்சா?"

"இல்ல மதினி. ஓனரு ரிப்போர்ட்டப் பாத்து மெரண்டுட்டாரு. யாரு வாங்க வந்தாலும் பேங்க்ல இம்புட்டுத்தான தருவாகன்னு அவரே வெலையக் கொறச்சுட்டாரு. வெள்ளிக்கிழம பத்திரம் பதியுறோம்."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"ஒன்னாலதான்னு தெரிஞ்சும் அந்த ஓனருக்குக் கோவம் வரலையாக்கும்?"

"கோவமா? மதுரையில அவரு ஒரு வீடு பாத்து வச்சிருக்காராம். வெல பேசப் போற அன்னைக்கு என்னையும் கூட வரச் சொல்றாரு."